புளிக்காத மாவும் சம்பந்தியின் நானோ தண்ணீரும்

குளுவாங்,
வெள்ளிக்கிழமை காலை.

பெருமதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி திரு. ராஜசேகரன் அவர்களுக்கு,

அய்யாவு எழுதும் வணக்கம். இங்கே நானும் காளியம்மாவும் மகள் லோஷினியும் முருகன் புண்ணியத்தில் சுகம். தெப்ராவில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை ஹேமநாதனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம், போன் போட்டால் தாங்கள் எடுப்பதில்லை. தினமும் நான் அனுப்பும் ரோஜாப்பூ காலை வணக்கமும் ஒற்றை டிக்கோடு அனாதையாக நிற்கிறது.

இந்தக் காலத்தில் எவனாவது தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதுவானா என்று நினைப்பீர்கள். எழுத வைத்தது என் கட்டைவிரல்தான். போன திங்கட்கிழமை தங்களிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு குரல் பதிவு போட்டேன். நல்ல உருக்கமான பதிவு. அனுப்பிவிட்டுப் பார்த்தால் அது போய்ச் சேர்ந்தது எங்கள் தாமான் குடியிருப்பின் குப்பை லாரி வாட்ஸ்அப் குழுவுக்கு. இன்றைக்கு லாரி வருமா வராதா என்று கேட்பதற்காக வைத்திருக்கிற குழு அது. அடுத்த சந்துச் சீன அம்மா கும்பிடு பொம்மை அனுப்பினார். குழுத் தலைவர் மலாய்க்காரர், தமிழில் ஒரு வார்த்தை தெரியாதவர், என் குரலில் இருந்த நடுக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு, "சபார், என்சிக் அய்யாவு, சபார்," பொறுமையாக இருங்கள் என்று எழுதினார். நம்ம ஆள் ஒருவர், "யாருங்க அந்த சம்பந்தி, அட்ரஸ் குடுங்க, நாங்க போய்ப் பேசிக்கிறோம்," என்றார். நல்லவேளை, நான் கொடுக்கவில்லை. ஆக, தாமானில் எல்லாரும் என்னை மன்னித்துவிட்டார்கள், தாங்கள் ஒருவர்தான் பாக்கி. கடிதம் என்றால் முகவரி எழுதிய வீட்டுக்கு மட்டும்தான் போகும் என்ற தைரியத்தில் பேனாவை எடுத்திருக்கிறேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பும், டவுன் பள்ளியில் மூன்றாம் படிவத்தில் பாதியும் படித்தவன் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்தருளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் நிற்கிறது. தங்கள் பக்கத்துப் பெயர்களை எப்படிப் போட வேண்டும் என்று தாங்கள் சொன்னால்தான் மெஷின் ஓடும். அச்சகக்காரர் என்னைப் பசாரில் பார்க்கும்போதெல்லாம், "என்னாண்ணே, கல்யாணம் இருக்கா இல்லியா?" என்று மீன் கடைக்கு முன்னால் வைத்தே கேட்கிறார். லோஷினி ஒன்றும் கேட்பதில்லை. வேலை முடிந்து வந்தால் அறைக்குப் போய்விடுகிறாள். என் மகள் பேசாமல் இருந்தால் இந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. இந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

எல்லாம் அந்தப் போத்தலில் ஆரம்பித்தது. நிச்சயத்தன்று சீர்த்தட்டுகளை எங்கள் வாசலில் இறக்கி, ஒற்றைப்படையில் இருக்க வேண்டுமே என்று எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்தது ஞாபகம் இருக்கும். எல்லாரும் விழித்துக்கொண்டு நிற்க, தாங்கள் காருக்கு ஓடிப்போய்ப் பின்னாலிருந்து ஒரு பெரிய போத்தலைத் தூக்கிவந்து, பழத்தட்டில் இருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து அதன் கழுத்தில் கட்டி, வெற்றிலை மேல் படுக்க வைத்து, மஞ்சள் குங்குமமும் இட்டுத் தட்டைச் சரி செய்துவிட்டீர்கள். அந்த வேகத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். தங்களை மாதிரி ஓர் ஆள் பஸ் டிப்போவில் இருந்திருந்தால் என் பஸ் ஒரு நாளும் தாமதமாகக் கிளம்பியிருக்காது. போத்தலைத் தட்டிக் காட்டி, "சம்பந்தி, இது நானோ வெள்ளித் தண்ணி. வெள்ளியக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்கிக் கலந்தது. காலையில வெறும் வயித்துல ஒரு மூடி. அப்புறம் கிளினிக்கு எந்தப் பக்கம்னு கேப்பீங்க," என்றீர்கள். "மருமகளும் நானோ, நானும் நானோ, ஒரே தொழில்!" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மகள் சிங்கப்பூரில் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் "நானோ" என்று சொல்லிவிட்டு உடனே வானிலைக்குப் போய்விடுவது என் வழக்கம். நானோ என்றால் என்ன என்று இரண்டாவது கேள்வி வந்துவிடக் கூடாதே!

நீங்கள் எல்லாரும் கிளம்பியதும் லோஷினி போத்தலைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "அப்பா, இத யாரும் குடிக்கக் கூடாது. எவ்ளோ வெள்ளின்னுகூட எழுதல," என்றாள். "ஏம்மா, மருந்துதானே? நீயும் அதானே செய்ற?" என்றேன். அவள் என்னை உட்காரவைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அன்றைக்குத்தான் எனக்கே என் மகளின் வேலை புரிந்தது. "நீங்க பஸ் எடுத்துக்கிட்டு சிங்கப்பூர்ப் பாலத்துக்குப் போனா என்ன ஆகும்?" "ஜாம்ல நிப்பேன்." "மோட்டார்சைக்கிள்காரங்க?" "அவனுங்க சந்துபொந்துல நுழைஞ்சு போய்க்கிட்டே இருப்பானுங்க." "அதான்பா நானோ. பெரிய பொருள் நிக்கிற எடத்துல இது நுழைஞ்சு போயிடும். அந்த மோட்டார் கூடையில கேன்சர் மருந்து வெச்சு அனுப்பினா, கட்டி இருக்கிற எடத்துக்கு மருந்து அதிகமாப் போவும், மத்த எடத்துக்குத் தொந்தரவு கம்மி. நல்லதுதானே? ஆனா நம்பர் பிளேட் இல்லாத மோட்டார் நுழைஞ்சா? எங்க போச்சு, என்ன செஞ்சுச்சு, திரும்ப வெளிய வந்துச்சான்னு யாருக்குத் தெரியும்? அதப் பாக்கிறதுதான் எங்க லேப்ல என் வேல." இத்தனை வருடம் பாலத்தில் நின்றேனே, ஒரு நாளும் இப்படி யோசித்ததில்லை. நான் அந்த மோட்டார்காரர்களைத் திட்டியதோடு சரி.

சரி, குடிக்கக் கூடாது. அப்படியானால் என்ன செய்வது? இங்கேதான் சூசா, பெரிய தொல்லை, ஆரம்பித்தது. நிச்சயத்துக்குச் சீராக வந்ததைத் திருப்பி அனுப்பினால் பெண்ணையே திருப்பி வாங்கிக்கொள்கிற மாதிரி. சாக்கடையில் ஊற்றினால் மகாலட்சுமியை ஊற்றுகிற மாதிரி. வேறு யாருக்காவது கொடுத்தால் சம்பந்தி வீட்டுச் சீரைத் தானம் பண்ணிய மாதிரி. காளியம்மா போத்தலைச் சாமி மேடையில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்து, தினம் ஒரு பூவும் வைத்தாள். அவளுக்கு வெள்ளி மேல் தனி மரியாதை உண்டு. போன தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெய் காலில் கொட்டி, ஆஸ்பத்திரியில் வெள்ளி கலந்த கட்டுப் போட்டுத்தான் ஆறியது. "என் காலக் காப்பாத்துன வெள்ளிங்க இது, உங்களுக்கு என்னா தெரியும்," என்பாள்.

தாங்களோ காலை தவறாமல் போன் செய்து, "குடிச்சாச்சா சம்பந்தி?" என்பீர்கள். நான், "ஆச்சு, ஆச்சு," என்பேன். இப்போது மனம் திறந்து எழுதுகிறேன், சம்பந்தி. நான் ஆச்சு என்று சொன்னது காப்பியை. எங்கள் வீட்டில் யாரும் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. "உடம்பு லேசா இருக்கா?" என்று கேட்டபோது, "பறக்குற மாதிரி இருக்கு," என்றேன். அது வாய் தவறி வந்தது.

பத்திரிகை வாசகம் முடிவு பண்ணத் தாங்கள் மூவரும் ஞாயிற்றுக்கிழமை காலைப் பசியாற வருவதாகச் சொன்னதும் காளியம்மாவுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. என்னிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. சீர் வீணாகவும் கூடாது, அப்படியே குடிக்கவும் கூடாது, ஆனால் அடுப்பில் வெந்துவிட்டால் எந்தத் தோஷமும் போய்விடும் என்பது அவள் சாஸ்திரம். போத்தலை எடுத்துத் தோசைக்கு மாவாட்ட ஊற்றிவிட்டாள். காளியம்மா மாவைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது. குளுவாங் வெயிலுக்கு அது சட்டியில் நிற்காது. அடியில் தாம்பாளம் வைத்தால் தாம்பாளத்தையும் தாண்டி மேசையில் நடந்து வரும். அன்று காலை மூடியைத் திறந்தால் மாவு வைத்த இடத்திலேயே சிமெண்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஒரு குமிழி இல்லை. "கண்ணு பட்டுருச்சுங்க! பக்கத்து வீட்டுக்காரி நேத்து எட்டிப் பாத்தா!" என்று மிளகாய் சுற்றப் போனாள். அதற்குள் தங்கள் கார் வாசலில் ஹாரன் அடித்துவிட்டது.

பிறகு நடந்தது தங்களுக்கே தெரியும். ஆனால் தங்கள் நாற்காலியிலிருந்து தெரிந்தது வேறு, என் நாற்காலியிலிருந்து தெரிந்தது வேறு. அதனால் எழுதுகிறேன். சம்பந்தியம்மா தோசையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "என்னா சம்பந்தியம்மா, ஒரு கண்ணுகூட விழல? இது தோசையா, சப்பாத்தியா லா?" என்றார். மாப்பிள்ளை, "நல்லாத்தான் இருக்கு அத்தை, இன்னொண்ணு வைங்க," என்றார். அந்தத் தோசையை இரண்டாவது முறை கேட்ட அந்தக் கணமே இவர்தான் என் மகளுக்குத் தகுந்தவர் என்று முடிவு பண்ணிவிட்டேன். தாங்களும் மரியாதைக்காக மென்றுகொண்டிருந்தீர்கள். தாடை போன வேகத்தை வைத்துச் சொல்கிறேன். அப்போது பார்த்து காளியம்மா, அடுப்படியிலிருந்து பெருமையாக, "வேற தண்ணியா என்னா? உங்க சீர்த் தண்ணியிலதான் சம்பந்தி அரைச்சேன்!" என்றாள்.

லோஷினி சிரிக்காமல் இருந்திருக்கலாம். குடித்த காப்பி மூக்கில் ஏறும் வரை சிரித்துவிட்டு, "அம்மா! அதான் மாவு புளிக்கல! மாவப் புளிக்க வைக்கிறதே அதுல இருக்கிற நல்ல கிருமிதான். வெள்ளி கிருமியக் கொல்லும். அதுக்கு நல்லது கெட்டது தெரியாது," என்றாள். சம்பந்தியம்மா கையிலிருந்த தோசையைத் தட்டில் வைத்துவிட்டு, "அப்ப வயித்துல?" என்றார். "வயித்துலயும் அதே மாதிரிதான் அத்தை. நம்ம குடலே ஒரு மாவுச் சட்டி." சம்பந்தியம்மா தங்கள் பக்கம் திரும்பி, "வயிறு மந்தமா இருக்கு மந்தமா இருக்குன்னு நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், நீங்க இன்னொரு மூடி ஊத்திக் குடுத்தீங்க!" என்றார். தங்கள் முகம் சிவந்துவிட்டது. "இவங்க அம்மா காலுக்கு ஆஸ்பத்திரியில வெள்ளி போட்டா மருந்து, நான் குடுத்தா வெஷமா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான், எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. "மேல போடறது வேற மாமா," என்றாள் லோஷினி. "எவ்ளோ வெள்ளி, எவ்ளோ நாளைக்குன்னு பாத்துப் போடுவாங்க, ஆறினதும் எடுத்துருவாங்க. குடிச்சா உள்ள தங்கிடும். நாள்பட்டுச்சுன்னா தோலு சாம்பலா, நீலமா மாறிடும். மாறுனா மாறுனதுதான், திரும்பாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். "செவுத்துக்கு நல்ல பெயிண்டுன்னு நாம அதக் கலக்கிக் குடிக்கிறோமா?" என்று ஒன்று சேர்த்தாள் பாருங்கள், அதுதான் வம்பாகிவிட்டது. மூளை அவளுக்கு எந்த வழி என்று தெரியாது, வாய் மட்டும் அம்மா வழி.

அப்போது தாங்கள் என்னைப் பார்த்துத் திரும்பி, "சம்பந்தி, நீங்க சொல்லுங்க. நீங்க தினம் குடிச்சீங்கல்ல? உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சா?" என்றீர்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொன்னேன்? "சட்னி இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றேன். அலமாக்! பஸ் ஓட்டிய காலத்தில் பிரேக் பிடிக்காத நாளில்கூட இவ்வளவு மோசமான முடிவு நான் எடுத்ததில்லை. தாங்கள் கை கழுவாமலே எழுந்து, சம்பந்தியம்மாவிடம், "வா மலர், போலாம். சீர்ல வெச்சத மாவுல ஊத்தி, கூப்பிட்டு உக்கார வெச்சுச் சிரிக்கிறாங்க," என்று செருப்பை மாட்டினீர்கள். இடது வலது மாறியிருந்தது. அதையும் நான் சொல்லவில்லை. மாப்பிள்ளை கையில் தோசையோடு பின்னால் ஓடினார். இதுதான் நடந்தது.

சிரிப்பதற்காகக் கூப்பிடவில்லை, சம்பந்தி. முருகன் மேல் ஆணை. தங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பேக்டரியில் தாங்கள் சூப்பர்வைசர், ஒரு சொல் சொன்னால் ஒரு மெஷின் லைனே நிற்கும். நான் பஸ்காரன், ஹாரன் அடித்தால் பஸ் நிறைய ஆள் ஓடி வரும். ஓய்வு பெற்ற பிறகு நம்மை யார் கேட்கிறார்கள்? நான் இருமினால்கூட, "அந்தப் பக்கம் போய் இருமுங்க, சீரியல் கேக்கல," என்கிறாள் காளியம்மா. தங்களுக்கு ஒரு போத்தல் கிடைத்தது, அதைப் பற்றிப் பேசினால் நாலு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை, நான் வானிலை பேசிக்கொண்டிருக்கிறேன். அதோடு, தாங்கள் எனக்கு அதை விற்கவில்லை. தங்கள் வீட்டுக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தீர்கள். அது எனக்குத் தெரியும்.

இப்போது ஒரு நல்ல செய்தி. தாங்கள் போன பிறகு லோஷினியே சொன்னாள், "ஒரு தடவ மாவு புளிக்கலன்னா அது வெள்ளியாலதான்னு முடிவு பண்ண முடியாதும்மா, உளுந்து பழசா இருக்கலாம்." காளியம்மாவுக்கு வந்ததே கோபம்! என் உளுந்தையா சொல்ற என்று, அதே அரிசி, அதே உளுந்து, ஒரு சட்டியில் பைப்புத் தண்ணீர், ஒரு சட்டியில் போத்தலில் மிச்சமிருந்தது என்று ஆட்டி வைத்தாள். பைப்புத் தண்ணீர் மாவு மறுநாள் மேசையில் இறங்கி நடந்துவிட்டது. தங்கள் மாவு அசையவில்லை. அதைப் பார்த்துவிட்டு லோஷினி, "அப்பா, இந்த மாதிரி போத்தல் பலதுல வெறும் தண்ணிதான் இருக்கும். மாமா குடுத்ததுல நெசமாவே ஏதோ இருக்கும் போல. மாமா யாரையும் ஏமாத்தல, மாமாவுக்கு வித்தவன்தான் குடிக்கலாம்னு சொல்லி ஏமாத்திருக்கான்," என்றாள். சம்பந்தி, இதைத் தாங்கள் காதால் கேட்டிருக்க வேண்டும். தங்களிடம் இருக்கும் சரக்கு சுத்தமான சரக்கு, அதுதான் பிரச்சினையே. கலப்படமாக இருந்திருந்தால் அன்றைக்குத் தோசை பஞ்சு மாதிரி வந்திருக்கும், பத்திரிகையும் இந்நேரம் அச்சாகியிருக்கும்.

ஆகையால் நான் கேட்டுக்கொள்வது இதுதான். நானோவில் நல்லதும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. எது எது என்று பார்த்துச் சொல்ல ஒரு பெண் தங்கள் வீட்டுக்கே மருமகளாக வரப்போகிறாள். இனி யாராவது புதுப் போத்தல் கொண்டுவந்தால், "இரு, என் மருமகளக் கேட்டுச் சொல்றேன்," என்று தாங்கள் கால்மேல் கால் போட்டுச் சொல்லலாம். அப்போதும் நாலு பேர் உட்கார்ந்து கேட்பார்கள். பெயிண்டு பேச்சுக்கு அவளே நேரில் வந்து மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள். சொல்லவைத்தது காளியம்மா என்றாலும் சொன்னது சொன்னதுதான். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தூக்குச்சட்டியில் மாவோடு நாங்களே தெப்ராவுக்கு வருகிறோம். பைப்புத் தண்ணீர் மாவு. கதவைத் திறந்தால் போதும், தோசைக்கல்லையும் நாங்களே கொண்டுவருகிறோம்.

தங்கள் வீட்டு உலையும் மாவும் என்றைக்கும் பொங்கட்டும். சம்பந்தியம்மாவுக்குக் காளியம்மாவின் அன்பும், வயிறு சரியாகும்வரை மோரில் பெருங்காயம் போட்டுக் குடிக்கச் சொல்லி ஒரு சேதியும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
சம்பந்தி அய்யாவு.

பி.கு.: லோஷினி படித்துப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதை நான் தனியாக எழுதுகிறேன், தயவுசெய்து அவளிடம் காட்ட வேண்டாம். எங்கள் வீட்டில் யாரும் குடிக்கவில்லை என்று மேலே எழுதியது பொய். நான் குடித்தேன். மகள் வேலைக்குக் கிளம்பியதும், காளியம்மா பூப்பறிக்கப் போகும் நேரம் பார்த்து, தங்கள் போன் வருவதற்கு முன்னால் ஒரு மூடி. தாங்கள் கேட்கும்போது பொய் சொல்ல வாய் வரவில்லை, அதனால் குடித்துவிட்டு உண்மையைச் சொன்னேன். இப்போது நிறுத்திவிட்டேன், கிளினிக்கிலும் போய்ச் சொல்லிவிட்டேன். காலையில் கண்ணாடியில் நீலம் ஏறுகிறதா என்று பார்க்கிறேன், என் நிறத்துக்கு ஏறினாலும் எனக்கே தெரியாது. அன்றைக்கு மேசையில் எல்லாரும் என்னைப் பார்த்தபோது நாக்கு நுனி வரை வந்து நின்றது இதுதான்: குடிச்சேன் சம்பந்தி, கூடாதுன்னு தெரிஞ்சேதான் குடிச்சேன், எம்பொண்ணு உங்க வீட்டுல வாழப் போறவ.